முதல் பால்

அத்தியாயம் 6

பதுளைக்குப் பனிமூட்டம் இறங்கி வருவதில்லை. மேலே அப்புத்தளையில் பட்டப்பகலில் எதிரே வருகிறவரின் முகம் தெரியாமல் போகும். அதே நேரம் கீழே பதுளையில் கொடியில் போட்ட துணி காய்ந்து மொறமொறத்துக் கிடக்கும்.

ஆனால் பதினான்கு நாட்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், முதியங்கன விகாரைக்குப் பின்தெருவில் இருக்கும் நிசாந்தினியின் வீட்டுக்குள் மூட்டம் புகுந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன. தொட்டிலில் கிடந்த இரண்டு மாதக் குழந்தை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அது சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அறை முழுக்கப் பச்சைக் கொழுந்து வாசம்.

மூட்டம் கலைந்தபோது வாசல் கேற்றடியில் பழைய கம்பளி போர்த்திய ஓர் ஆள் நின்றார். "பெரட்டுக்கு நேரமாச்சாங்க?" என்று கேட்டார். தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்பார்களே, அந்தப் பெரட்டு. நிசாந்தினி வாய் திறப்பதற்குள் ஆளைக் காணவில்லை. அவர் நின்ற இடத்துச் சிமெந்து, கொளுத்துகிற வெயிலிலும் ஈரமாக இருந்தது.

அதற்குப் பிறகு மூட்டம் இன்னும் மூன்று தடவை வந்துவிட்டது.

நிசாந்தினி கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், வேலை செய்பவள். இப்போது பிரசவ லீவு. கணவன் கிஷாந்தன் வவுனியாவில் பொறியியலாளர், சனிக்கிழமைகளில் வருவான். அவனிடம் சொன்னபோது, "நித்திரை இல்லாட்டி இப்பிடித்தான்" என்று சிரித்தான். அம்மா லீலாதேவியிடமும் சொன்னாள். முப்பது வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, பதுளையிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷி. அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, அப்புத்தளைக்கு மேலே நெல்லிமலைத் தோட்டத்தில் பாக்கியலெட்சுமி என்ற பெண் கண்ணை மூடினாள். நிசாந்தினிக்கு அது இன்று காலை ஒன்பதரை மணி வரைக்கும் தெரியாது.

ஒன்பதரைக்குக் கேற்றைத் தட்டும் சத்தம் கேட்டது.

நின்றவளுக்குத் தன்னுடைய வயதுதான் இருக்கும் என்று நிசாந்தினி நினைத்தாள். கண்கள் வீங்கியிருந்தன. குரல் கிழிந்த துணி மாதிரி இருந்தது.

"லீலாதேவி டீச்சர் வீடுங்களா?"

"ஓம். நீங்கள்?"

"நான் மதுஷா. நெல்லிமலைத் தோட்டத்துல இருந்து வர்றேன். பாக்கியலெட்சுமி மகள்னு சொல்லுங்க, டீச்சருக்குத் தெரியும்."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. லீலாதேவி குழந்தையைத் தோளில் போட்டபடி வாசலுக்கே வந்துவிட்டார். பெயர் காதில் விழுந்த உடனே நின்றுவிட்டார்.

"எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது."

"அம்மா செத்துட்டாங்க டீச்சர். போன வாரத்துக்கு முந்தின செவ்வா. காலையில பதினொரு மணிக்கு."

நிசாந்தினியின் கை கேற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்தது. "பதினொரு மணிக்கோ?"

"ஆமாங்க." மதுஷா அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "ஒங்க வீட்டுக்கு மூட்டம் வந்துச்சா?"

நிசாந்தினி திரும்பித் தொட்டில் இருந்த அறைப் பக்கம் பார்த்தாள். அதுவே பதிலாகிவிட்டது.

"எங்கம்மா கூப்பிடுறவங்க," என்றாள் மதுஷா. "எங்க பக்கம் மூட்டம் வந்தா ஆளுங்க அதுக்குள்ள வழி தவறிப் போயிடுவாங்க. அம்மா மலை ஓரத்துல நின்னு கூப்பிட்டா திரும்பி வந்துருவாங்க. எவ்வளவு தூரம் போயிருந்தாலும் வருவாங்க. அம்மாவுக்குப் பொறகு அது எனக்குன்னு சொல்லித்தான் என்னை வளர்த்தாங்க. நேத்துக் காலையில எங்கப்பா மூட்டத்துக்குள்ள போயிட்டாரு. பொழுது சாயற வரைக்கும் நின்னு கூப்பிட்டேன். தொண்டையில ரத்தம் வந்துச்சு. அப்பா வரல."

அவள் எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டாள்.

"சாகுறதுக்கு முன்ன அம்மா ஒண்ணு சொன்னாங்க. 'மொதப் பால் ஒனக்குக் குடுக்கலடி, டீச்சர் புள்ளைக்குத்தான் குடுத்தேன்'னாங்க. காய்ச்சல்ல பொலம்புறாங்கன்னு நெனச்சேன்."

"பால் குடுத்தால் இப்பிடியெல்லாம் வருமே?" லீலாதேவியின் குரல் உயர்ந்தது. "விசர்க்கதை. நிசா, நீ உள்ளுக்கு வா. கேற்றைப் பூட்டு."

"அம்மா, இவவின்ரை அம்மா எனக்குப் பால் தந்தவவோ?"

லீலாதேவி குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். குழந்தை அழவில்லை. ஆனாலும் தட்டினார்.

"உன்னைப் பெத்த உடனை எனக்கு வலிப்பு வந்திட்டுது. மூண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தனான். நீ பசியிலை கத்தினனியாம். பக்கத்துக் கட்டிலிலை கிடந்தவளிட்டை நேர்ஸ் குடுத்தவவாம். அந்த நேரம் நான் என்ன செய்யிறது?"

"ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன?"

நிசாந்தினி உள்ளே போனாள். குழந்தைக்கு வேண்டிய பாலைப் போத்தலில் எடுத்து வைத்தாள். சேலையை மாற்றினாள். கைப்பையுடன் வெளியே வந்தபோது லீலாதேவி வாசலை மறித்து நின்றார்.

"போகாதை பிள்ளை. நீ ஒருக்கால் போனியெண்டால் பிறகு உன்னை விடாயினம்."

"ஆர் விடாயினம், அம்மா?"

லீலாதேவி ஒதுங்கி வழியை விட்டார்.

அப்புத்தளை பஸ் பண்டாரவளையைத் தாண்டியது. பஸ்ஸில் கூட்டம் குறைவு. சன்னல் பக்கம் மதுஷா, அவளுக்குப் பக்கத்தில் நிசாந்தினி. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். நிசாந்தினி காலையில் ஒன்பது மணிக்கு. மதுஷா அன்று பின்னேரம், எட்டாவது மாதத்திலேயே.

"நான் கையளவுதான் இருந்தேனாம். கண்ணாடிப் பெட்டியில வச்சிட்டாங்க," என்றாள் மதுஷா. "அம்மாவுக்குப் பால் கட்டிக்கிச்சாம். பக்கத்துல நீங்க கத்துனீங்களாம்."

"முதல் பால் எண்டால் ஏன் அவ்வளவு பெரிய காரியம்?"

"அது வழி அப்படிங்க. கூப்பிடுறவங்க மொதமொதல்ல எந்தப் பொண்ணுக்குப் பால் குடுக்கிறாங்களோ அதுக்குத்தான் போகும். பெத்தாங்களா இல்லையான்னு பாக்காது. அவங்க செத்த நேரத்துல அந்தப் பொண்ணுகிட்ட வந்து சேரும். எங்கம்மாவுக்கும் அவங்க சின்னம்மாகிட்ட இருந்துதான் வந்துச்சு."

நிசாந்தினியின் கை தானாக மார்புப் பக்கம் போனது. பால் கொடுக்கும் நேரம் தவறியிருந்தது. ரவிக்கை நனைந்திருந்தது.

"அப்ப என்ரை மகளுக்கு?"

"நீங்க மொதல்ல அவளுக்குத்தானே குடுத்தீங்க?"

"வேறை ஆருக்கு?"

மதுஷா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அப்படின்னா ஒங்க காலத்துக்குப் பொறகு அவளுக்கு."

"அதாலை என்ன கெடுதல்? சொல்லுங்கோ. நான் பயப்பிடமாட்டன்."

"எங்கம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ஸ்கூல்ல சேர்த்தப்பதான் என் பேரை மொதல்ல கேட்டேன். அம்மா ஒரு பேரைச் சொன்னா மூட்டம் அதைப் படிச்சுக்குமாம். பொறகு அதுவே கூப்பிட ஆரம்பிச்சுடுமாம்." மதுஷா தொண்டையைத் தடவிக்கொண்டாள். "மழை மாசத்துல எங்க லயத்து வீட்டு வாசல்ல யாராவது வந்து நிப்பாங்க. ஈரத்தோட. வழி கேப்பாங்க. அம்மா வாயில துணியை வச்சு அழுத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பதில் சொல்லிடக் கூடாதுல்ல."

பஸ் ஒரு வளைவில் ஏறியது. குளிர் காற்று அடித்தது.

"அப்பிடி இருந்தும் அது உங்களுக்கு வேணும் எண்டு இருந்ததோ?"

"எனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சுங்க," என்றாள் மதுஷா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் நிசாந்தினிக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அப்புத்தளையில் ஜெயகுமார் முச்சக்கர வண்டியுடன் காத்திருந்தான். மதுஷாவின் பெரியப்பா மகன். நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அவன்தான் முன்னால் நிற்பவன். காலில் சப்பாத்தெல்லாம் சேறு.

"முப்பது பேரு எறங்கிப் பாத்துட்டோம் தங்கச்சி. பொலிஸ் வந்துச்சு. கொஸ்லந்தப் பக்கத்துல இருந்தும் ஆளுங்க ஏறி வந்தாங்க. ஒண்ணும் இல்ல." அவன் நிசாந்தினியை ஓரக்கண்ணால் பார்த்தான். "இவங்களா?"

"இவங்கதான்."

ஜெயகுமார் வண்டியை எடுத்தான். வண்டியை எடுத்தான்.

நெல்லிமலையின் ஒன்பதாம் நம்பர் மலை என்பது தோட்டத்தின் கடைசித் தேயிலைக் காடு. அதற்கு அப்பால் நிலம் செங்குத்தாகக் கீழே கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிறது. வெளிச்சமான நாளில் அங்கே நின்றால் தெற்கே வெகு தூரம் தெரியும் என்றான் ஜெயகுமார். இன்று பின்னேரம் இரண்டு மணிக்குக் கடைசி வரிசைச் செடிகளுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. சுவர் வைத்ததுபோல் மூட்டம் நின்றது. காற்று வீசியது, செடிகள் அசைந்தன. மூட்டம் அசையவில்லை.

நிசாந்தினி கிட்டப் போனபோது, அது ஒரு முழம் முன்னால் வந்தது.

"பாத்தீங்களா," என்றாள் மதுஷா மெதுவாக. "நேத்து முழுக்க நின்னேன். என் பக்கம் திரும்பக்கூட இல்ல."

"நான் என்ன செய்யவேணும்?"

"கூப்பிடணும். மூணு தடவைக்கு மேல வேணாம். உள்ள இருந்து யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. அப்பாவோட காலு தரையில படுறதைப் பாத்த பொறகுதான் வேற பேச்சுப் பேசணும்."

"என்னெண்டு கூப்பிடுறது?"

மதுஷா மூட்டத்தைப் பார்த்தாள்.

"அம்மா 'ஏங்க'ன்னு கூப்பிடுவாங்க. நீங்க..." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க அப்பான்னே கூப்பிடுங்க. அம்மா பால் குடிச்சவங்கதானே."

நிசாந்தினியின் தகப்பன் இளையதம்பி இறந்து ஐந்து வருடம். அந்தச் சொல்லை அவள் அதற்குப் பிறகு யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. மூட்டத்துக்கு முன்னால் நின்று மூச்சை இழுத்தாள். அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஏங்க!"

அது அவளுடைய குரல் இல்லை. அகலமான, கரகரத்த குரல். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு எறிந்து பழகிய குரல். அவளுடைய நெஞ்சிலிருந்து கிளம்பி, அவளுடைய பற்களுக்கு நடுவில்தான் வெளியே வந்தது. ஆனாலும் அவளுக்கு அதில் ஒரு பங்கும் இருக்கவில்லை.

"ஏங்க! எங்கங்க இருக்கீங்க? வீட்டுக்கு வாங்க!"

மதுஷா இரண்டு கையாலும் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "அம்மா," என்றாள். "ஐயோ, அம்மா."

ஜெயகுமார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னால் போனான்.

மூன்றாவது தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கீழே எங்கேயோ ஒரு கல் உருண்டது. பிறகு இன்னொன்று. யாரோ ஏறி வருகிற சத்தம். ஒருவருடைய சத்தமா அது என்று நிசாந்தினிக்குச் சந்தேகம் வந்தது. ஒரு காலடி விழுந்த பிறகு அதே மாதிரி பல காலடிகள், வரிசையாக.

முதலில் வெறும் பாதம் ஒன்று மூட்டத்திலிருந்து வெளியே வந்து மண்ணில் படிந்தது. பிறகு கட்டியிருந்த சாரம். பிறகு நீலநிறச் சுவெட்டர்.

மதுஷாவின் தகப்பன் அழகையா வெளியே வந்தார். அறுபது வயது மனிதர். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்போல் சுற்றிலும் பார்த்தார்.

"என்ன புள்ள, சோறு ஆறிடுச்சா?" என்று நிசாந்தினியைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் நின்றவர்களை அவள் கண்டாள்.

மூட்டத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டார்கள். கூடை மாட்டிய பெண்கள். கம்பளி போர்த்திய ஆண்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் வரிசைகள் இருந்தன. எவ்வளவு என்று தெரியவில்லை. பெரட்டில் நிற்பதுபோல் ஒழுங்காக நின்றார்கள். யாரும் மூச்சு விடுவதாகத் தெரியவில்லை. எல்லார் முகமும் அவள் பக்கமே திரும்பியிருந்தது.

முன்னால் நின்ற ஒரு பெண் சிரித்தாள். நல்ல முகம். வெற்றிலைக் காவி படிந்த பல்.

"எங்களையும் கூப்பிடு தாயி. எங்க பேரு யாருக்கும் நெனப்பில்ல." அவள் தலையைச் சாய்த்தாள். "ஒன் பேரு என்னா?"

அதில் என்ன தவறு என்று நிசாந்தினிக்கு அந்த நேரம் தோன்றவில்லை. தெருவில் ஒரு மனுஷி அன்பாகக் கேட்டால் சொல்லமாட்டோமா? அவ்வளவு பரிவு அந்தக் குரலில்.

"நிசா..."

மதுஷா பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய வேகத்தில் இருவரும் செடிகளுக்கு நடுவில் விழுந்தார்கள். மதுஷாவின் உள்ளங்கை அவள் பற்களில் பட்டுக் கிழிந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"பாக்காதீங்க. என்னைப் பாருங்க. என் கண்ணைப் பாருங்க."

நிசாந்தினி பார்த்தாள். மதுஷாவின் கண்களில் அவ்வளவு பயம் இருந்தது. தனக்குக் கிடைக்காததைக் கொண்டுபோனவளுக்காக அப்படிப் பயப்பட ஒருத்தியால் முடியுமா என்று, அந்த நிலையிலும் நிசாந்தினிக்குத் தோன்றியது.

அவர்கள் எழுந்தபோது மூட்டம் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே போகப் போக அதற்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. பாடம் சொல்லிப் பார்க்கிற பிள்ளையின் குரல் மாதிரி, திரும்பத் திரும்ப.

"நிசா... நிசா... நிசா..."

பாதிப் பெயர்தான் அதற்குக் கிடைத்திருந்தது.

லயத்து அறையில் அழகையா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். நேற்றுக் காலையில் போனவருக்கு ஒரு மணி நேரம்தான் கழிந்த மாதிரி இருந்தது.

"ஒங்கம்மா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, போனேன்," என்றார் மகளிடம். "அங்க அவ இல்ல. மத்தவங்கதான் நின்னாங்க. யாரும் அடிக்கல, திட்டல. ஒக்காரச் சொன்னாங்க. எம் பேரை மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"சொன்னீங்களாப்பா?"

"எத்தனை வருசம் ஒங்கம்மாகூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். சொல்லுவேனா?"

மதுஷா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. தகப்பனின் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். பதினான்கு நாள் அழுகை அது. அழகையா அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நிசாந்தினியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன்னைக் கையில வாங்கியிருக்கேன்மா. டீச்சரம்மா நெனப்பில்லாமக் கெடந்தாங்க. நர்சம்மா ஒன்னைத் தூக்கிட்டு வந்து, பாக்கியம், கொஞ்சம் குடேன்னாங்க. நான்தான் வேணாம்னேன். நம்ம புள்ளைக்கு உள்ளது போயிடும்னேன்."

"அவவுக்குத் தெரியுமோ, போயிடும் எண்டு?"

"தெரியாம என்ன? தெரிஞ்சுதான் குடுத்தா. 'பச்சப் புள்ள பசியில கத்துது, பாத்துக்கிட்டுக் கெடக்கச் சொல்றீங்களா'ன்னா. இவகிட்டச் சொல்லத்தான் கடைசி வரைக்கும் அவளுக்கு மனசு வரல." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பொறகு ஒனக்கு ஆறு மாசம் இருக்கும்போது பதுளைக்குப் போய் டீச்சரம்மாகிட்டச் சொல்லிட்டும் வந்தா. நாளைக்குப் புள்ள பயந்துடக் கூடாதேன்னுதான். டீச்சரம்மா அழுதாங்களாம். பொறகு, இனிமே இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டாங்களாம்."

தனக்கு ஆறு மாதமானதிலிருந்தே அம்மாவுக்குத் தெரியும்.

நிசாந்தினி எழுந்தாள். மதுஷாவின் கையில் கட்டியிருந்த துணியில் இரத்தம் ஊறியிருந்தது. அந்தக் கையைப் பிடித்துத் துணியின் முடிச்சை இறுக்கினாள். மதுஷா நிமிர்ந்தாள்.

"வீட்டுக்குப் போங்க. புள்ள தேடும்."

ஜெயகுமார் அவளைப் பதுளையில் இறக்கிவிட்டபோது மணி ஆறு. தெருவெல்லாம் இன்னும் வெளிச்சம். குழந்தையின் அழுகை தெருமுனைக்கே கேட்டது.

"போத்தலைத் தொடுறாளே இல்லை," என்றார் லீலாதேவி. களைத்துப்போயிருந்தார். "பிடி, குடு."

நிசாந்தினி குழந்தையை வாங்கினாள். அது முகத்தை அவள் மார்பில் முட்டி முட்டித் தேடியது. அவள் ரவிக்கையைத் திறக்கவில்லை.

"ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

"நான் அங்கை கண்டனான், அம்மா. எத்தினை பேர் நிக்கினம் தெரியுமே? நான் செத்தால் இவள் போய் அவையளுக்கு முன்னாலை நிக்கவேணும். நான்தான் குடுத்தனான். என்ரை கையாலை தூக்கி, பாலைக் குடுத்து..."

"இவளுக்கு வராது."

லீலாதேவி அதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பவர்போல் மகளைப் பார்த்தார்.

"ஏன் வராது?"

"நீ முதல் பால் குடுத்தது இவளுக்கில்லை."

குழந்தை ஒரு கணம் அழுகையை நிறுத்தி மூச்சை இழுத்தது.

"உனக்கு வயித்தை வெட்டித்தானே பிள்ளையை எடுத்தவை. மயக்கம் முழுக்கத் தெளியேல்லை. விடுதியிலை நேர்ஸ்மார் ஒருத்தரும் கிட்ட இல்லை. உன்ரை கட்டிலுக்கு இடப்பக்கம் ஒருத்தி அசந்து நித்திரை. அவளின்ரை பொம்பிளைப் பிள்ளை, முதல் நாள் பிறந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து உன்ரை நெஞ்சிலை பிடிச்சனான். அஞ்சு நிமிசம். நீ தடவிக்கூடக் குடுத்தனி. உன்ரை பிள்ளை எண்டு நினைச்சு."

"அம்மா..."

"பிறகு கொண்டுபோய்க் கிடத்திப்போட்டன். ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குப் பிறகுதான் இவளை உன்னட்டைத் தந்தனான்." லீலாதேவி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "என்ரை பேத்தியைக் காப்பாத்த வேறை என்ன வழி இருந்தது எனக்கு?"

"ஏன் அந்தப் பிள்ளை? விடுதியிலை எத்தினை பிள்ளையள் கிடந்திருக்கும்."

லீலாதேவி நிலத்தைப் பார்த்தார்.

"அவள் தோட்டத்துப் பெட்டை. அவையளிட்டை இருந்து வந்த சாமான், அவையளிட்டையே திரும்பிப் போகட்டும் எண்டு நினைச்சன்."

நிசாந்தினி அம்மாவை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பில் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்த அம்மா. மூன்று நாள் நினைவின்றிக் கிடந்தபோது தன் பிள்ளையின் பசியை இன்னொருத்தி ஆற்றியதை மறந்தே போன அம்மா. மறக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமை.

"அவையின்ரை பேர் என்ன?"

"கேக்கேல்லை."

"எந்தத் தோட்டம்?"

"தெரியாது பிள்ளை. அடுத்த நாளே ஆஸ்பத்திரியிலை துண்டு வெட்டிக்கொண்டு வீட்டை போட்டினம்." லீலாதேவி மகளின் முந்தானையைப் பிடித்தார். "நீ கூப்பிட்டால் ஆரெண்டாலும் வருவினம் எண்டுதானே அந்தப் பெட்டை சொன்னவள். அப்ப ஒருக்கால் கூப்பிட்டுப் பாரன். எங்கை இருக்கினம் எண்டு தெரிஞ்சிடும்."

"அது நடக்கத் தெரியாத பிள்ளை, அம்மா. நான் கூப்பிட்டால் மூட்டத்துக்குள்ளாலை அதை ஆர் தூக்கிக்கொண்டு வருவினம்?"

லீலாதேவியின் கை முந்தானையிலிருந்து நழுவியது. பிறகு அவர் மெதுவாக எழுந்து போய், அந்தப் புழுக்கத்திலும், வீட்டின் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினார்.

நிசாந்தினி கட்டிலில் உட்கார்ந்து ரவிக்கையைத் திறந்தாள். மகள் கவ்விப் பிடித்துக் குடிக்கத் தொடங்கினாள். குடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி, ஒரு கையால் போனை எடுத்து மதுஷாவை அழைத்தாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். மதுஷா திட்டுவாள், போனை வைத்துவிடுவாள் என்று நிசாந்தினி எதிர்பார்த்தாள்.

"எந்த மாசம், எந்தத் தேதி?" என்று கேட்டாள் மதுஷா.

சொன்னாள்.

"எங்க பக்கத்துத் தோட்டங்கள்ல விசாரிக்கலாம். கிளினிக் போற புள்ளைங்களைக் கேக்கலாம். நாளைக்கே தொடங்கிடுறேன்." கிழிந்த குரலில் இருமினாள். "கண்டுபிடிச்சிடலாங்க. ஆனா அந்தத் தாய்கிட்ட இதை யாரு சொல்றது?"

மடியில் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தது. தனக்கு ஆறு மாதமாக இருந்தபோது பாக்கியலெட்சுமி என்ற பெண் பஸ் ஏறி அம்மாவின் வாசலுக்கு வந்து நின்றதை நிசாந்தினி நினைத்தாள்.

"நான்தான்," என்றாள். "நான்தான் போய்ச் சொல்லவேணும்."